தெரிவுக்குழுவின் நான்காவது சாட்சி

புதன்கிழமை, காலை மணி 8.10.

குழி ஆறடி ஆழம் இருந்தது. இரண்டு கார்களை உள்ளே நிறுத்தலாம். ஓரத்தில் குவிந்திருந்த மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை.

"போச்சு," என்றார் ரவீந்திரன்.

அவர் சட்டமன்ற உறுப்பினர்; அந்தப் பதவிக்குரிய மரியாதையில் எல்லாருக்கும் அவர் 'ஒய்பி'. தோட்டங்களின் குடிநீரைப் பற்றி விசாரிக்க மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஐவர் தெரிவுக்குழுவுக்குத் தலைவர். கோலா சிலாங்கூரிலிருந்து அரை மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த ஹில்பர்ன் தோட்டத்துக்குக் குழு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தது. குழு வருவது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். வருகிற காரணம் தெரியக்கூடாது.

வேனைவிட்டு இறங்கியதும் ரவீந்திரனின் சிறப்பு அதிகாரி செல்வா முன்னால் நடந்திருந்தான். இருபத்தொன்பது வயது, தேய்த்த சட்டை, எப்போதும் கையில் ஒரு கோப்பு. "இப்படி வாங்க ஒய்பி, அந்தப் பக்கம் சேறு," என்று லாலாங் புல்லை மிதித்து வழி செய்துகொடுத்தான். உறுப்பினர்கள், குழுச் செயலாளர் மவுரீன், சுற்றுச்சூழல் துறை அதிகாரி நித்தியா, எல்லாருக்கும் கடைசியில் ஷாமளா. இருநூறு அடி நடந்ததும் தகரக் கூரை சரிந்த ஒரு பழைய கட்டடம். அதன் பின்னால் இந்தக் குழி.

ஷாமளாவுக்கு நாற்பத்தேழு வயது. சட்டமன்றத்தில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்கிறாள். யார் பேசினார், யார் முதலில் பேசினார், யார் பதில் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் அவள் நோட்டில் தானாக ஏறிவிடும்.

ரவீந்திரன் கட்டடத்துக்குள் போய், முழங்கால் உயரத்தில் நீளமாக ஓடிய சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள் துருப்பிடித்துத் தொங்கின. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, கோலா சிலாங்கூர் மாடி மண்டபத்தில் குழு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சாட்சியை விசாரித்தது. சாட்சி எண் நான்கு. பெயர் பதிவில் கிடையாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, காலாவதியான களைக்கொல்லி மருந்து இருபத்திரண்டு பீப்பாய்களைப் பழைய நிர்வாகம் தோட்டத்துக்குள் புதைத்ததை அந்தச் சாட்சி கண்ணால் பார்த்திருந்தாள். எந்த இடம் என்றும் சொன்னாள். புதைக்கச் சொன்ன மேற்பார்வையாளர், அந்தக் காலத்து மண்டோர், செத்துவிட்டார். மூன்று வருடத்துக்கு முன்பு தோட்டம் புதுக் கம்பெனி கைக்கு வந்தது. அவர்களுக்கும் இடம் தெரியாது. வீடமைப்புக்கு நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பீப்பாய்கள் இல்லையென்றால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வாந்தியெடுக்கும் பிள்ளைகளுக்கு ஆதாரம் இல்லை.

பிக்-அப் ஒன்று வேகமாக வந்து நின்றது. மேனேஜர் பெர்னாட் இறங்கினார்.

"மன்னிக்கணும் ஒய்பி, ஆபீஸ்ல காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க நேரா இங்க வந்துட்டீங்க."

"இது என்ன குழி?"

"குப்பைக் குழி. லயத்துக் குப்பையப் போட."

"எப்ப தோண்டுனீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"குப்பை எங்க?"

"இனிமேதான்." பெர்னாட் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எந்த இடத்தைப் பாக்கணும்னு சொன்னா நானே கூட்டிட்டுப் போவேன், ஒய்பி. எந்த இடம்?"

ரவீந்திரன் குழியின் பக்கம் திரும்பிக்கொண்டார். பெர்னாட் அதே கேள்வியை நித்தியாவிடம் கேட்டார். பிறகு மவுரீனிடமும் கேட்டார். ஷாமளா மூன்று தடவையும் குறித்துக்கொண்டாள்.

நித்தியா குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளி முகர்ந்தாள். "வாடையே இல்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு போத்தலில் மண்ணை நிரப்பினாள்.

காலை மணி 8.50.

மவுரீனின் கைப்பேசி அலறியது. பேசிவிட்டுத் தலைவரின் காதருகே குனிந்தாள்.

"சாட்சி நாலு, ஒய்பி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போனப்போ வேலை இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். மத்த மூணு சாட்சிங்களும் இனிமே வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க."

ரவீந்திரன் எழுந்தார். சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். உறுப்பினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவர் ஏன் அதை இப்போது உள்ளே போடுகிறார் என்று இன்னொருவர் பார்த்தார்.

காலை மணி 9.45. கோலா சிலாங்கூர் மண்டபம்.

"நேத்து இந்த ரூம்ல இருந்தது நாங்க அஞ்சு பேரு, மொழிபெயர்ப்பாளர், மவுரீன், சாட்சி," என்றார் ரவீந்திரன். "பக்கத்து ரூம்ல காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஷாமளா. வேற யாரும் இல்ல. பேச்சு வெளியே போயிருக்கு. கேக்க வேண்டியிருக்கு, ஷாமளா. ஒலிப்பதிவு யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, ஒய்பி. பூட்டி வச்சிருக்கேன்."

"சாவி?"

"அதுவும் என்கிட்டதான்."

ஐந்து உறுப்பினர்களும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வை எதைக் கேட்கிறது என்று ஷாமளாவுக்குப் புரிந்தது.

"எழுத்துப் பிரதி எப்ப எப்ப யார் கைக்குப் போச்சுன்னு சொல்லுங்க, மவுரீன்," என்றாள் ஷாமளா.

மவுரீன் தன் பட்டியலை எடுத்தாள். "ஒன்னு நாப்பதுக்கு முதல் நகல் வந்துச்சு. ஒரே ஒரு பிரதி. தலைவர் பாக்கறதுக்கு. மூணு பத்துக்கு ஷாமளாக்கா திருத்தின நகல் குடுத்தாங்க."

"என்ன திருத்தம்?" என்றார் ரவீந்திரன்.

"ஒரு சொல்லு," என்றாள் ஷாமளா. "மழை சத்தத்துல சரியா கேக்கல. மொழிபெயர்ப்பாளர் மைக்குல இருந்து மறுபடி கேட்டுத் திருத்தினேன்."

"நாலு மணிக்குத் திருத்தின நகலை உறுப்பினர்கள் அஞ்சு பேருக்கும் கையில குடுத்தேன்," என்று மவுரீன் தொடர்ந்தாள். "இங்கேயே படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. முதல் நகல்..." அவள் தயங்கினாள். "அது இன்னும் வரல."

"என் ஃபைல்ல இருக்கு. பத்திரமாத்தான் இருக்கு," என்றார் ரவீந்திரன் வெடுக்கென்று.

மவுரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மணிக்கு நான் முடிவு சொல்லணும்," என்றார் ரவீந்திரன். "ஆதாரமும் இல்ல, சாட்சியும் இல்லைன்னா, இந்த விசாரணையை முடிச்சிக்கிறதாத்தான் சட்டமன்றத்துக்கு எழுத முடியும். நாங்க போலீஸ் இல்ல. கைது பண்ண முடியாது. கூப்பிட்டுக் கேக்கலாம், எழுதி வைக்கலாம். அவ்வளவுதான் எங்க அதிகாரம்."

"எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க, ஒய்பி," என்றாள் ஷாமளா. "சாட்சியப் பாக்கணும்."

காலை மணி 10.30.

சாட்சி எண் நான்கின் பெயர் கங்கா. வயது முப்பத்தெட்டு. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து செம்பனை மரங்களுக்கிடையே களைக்கொல்லி அடிக்கிறவள். ஒன்பது வருடமாக அந்த வேலையில் இருப்பது தோட்டத்தில் அவள் ஒருத்திதான். பெயரை மறைத்து என்ன பயன்? வாக்குமூலத்தைப் படித்த எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஷாமளாவுக்கு இது நேற்றே உறைத்திருக்க வேண்டும்.

லயத்து வாசலில் கங்கா நின்றிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். வெளிய போவாதுன்னு சொன்னீங்க. இப்ப வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான்."

"சொன்னோம். தப்பு எங்க மேல," என்றாள் ஷாமளா. "கங்கா, ஒரே ஒரு விஷயம். நேத்து சாயங்காலம் தோண்டினதை யாராவது பார்த்தாங்களா?"

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. தோட்டத்து வாசலில் காவல் வேலை பார்க்கும் சன்னாசி. இரவுக் காவல் முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"நான் பார்த்தேன்மா. அஞ்சரை மணிக்கு மண் தோண்டுற பேக்ஹோ லோரியில வந்து இறங்குச்சு. ஏழு மணி வரைக்கும் தோண்டுனானுங்க."

"எதையாவது ஏத்திக்கிட்டுப் போனாங்களா?"

"என்னத்த ஏத்துறது? பேக்ஹோவத் தவிர லோரியில ஒன்னும் போவல. மேனேஜர் யார்கூடவோ போன்ல கத்திக்கிட்டு இருந்தாரு."

ஷாமளா கங்காவிடம் திரும்பினாள். குழி இருந்த இடத்தை வர்ணித்தாள். சரிந்த தகரக் கூரை, நீளமான சிமெண்டுத் தொட்டி, சுவரில் இரும்பு வளையங்கள்.

கங்காவின் புருவம் சுருங்கியது. பிறகு, அன்று காலை முதல் தடவையாக, அவள் சிரித்தாள்.

"அங்கயா? அங்க எதுக்குக்கா தோண்டுனானுங்க? நான் சொன்ன எடம் அந்தாண்ட இல்ல, ஆத்தங்கரையில. கூரையே கெடையாது, காடா கெடக்கும்."

நேற்று ஒன்று நாற்பதுக்குத் தட்டச்சு செய்த ஒரு சொல் ஷாமளாவின் கண்முன் வந்து நின்றது. அது வெளியே தெரிந்தால் இருபத்திரண்டு வருடப் பெயர் போகும். தெரியாவிட்டால் இந்தப் பெண்ணின் வேலை போகும்.

"மேனேஜர்கிட்ட யாரும் வாயத் தொறக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் காருக்கு ஓடினாள்.

பகல் மணி 12.15.

மண்டபத்தில் ஐந்து உறுப்பினர்களும் இருந்தார்கள். மவுரீனும் நித்தியாவும் ஒரு பக்கம். செல்வா தலைவரின் நாற்காலிக்குப் பின்னால், வழக்கம்போல் கோப்போடு நின்றான்.

"ஒய்பி, பீப்பாய்ங்க இன்னும் தோட்டத்துலதான் இருக்கு," என்றாள் ஷாமளா.

ரவீந்திரன் நிமிர்ந்தார்.

"நாம எல்லாரும் குழியப் பார்த்தோம். கட்டடத்தைப் பார்க்கல. நேத்து இந்த ரூம்ல சாட்சி என்ன கட்டடம் சொன்னாங்க?"

"குழந்தைங்கள விட்டுட்டு வேலைக்குப் போவாங்களே, அந்த இடம்," என்றார் ரவீந்திரன். "ஆயக்கொட்டாய்."

"ஆயக்கொட்டாய்ல தொட்டி எதுக்கு ஒய்பி? நீங்க உக்காந்தது தீவனத் தொட்டி. சுவத்துல இருக்கிற வளையம் மாடு கட்டுறதுக்கு. அது மாட்டுக்கொட்டாய். நாமளும் டவுன் ஆளுங்க. இடிஞ்ச கட்டடம், பின்னால குழி, இதுதான்னு முடிவு பண்ணிட்டோம்."

"அப்ப ஏன் அங்க தோண்டணும்?"

ஷாமளா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"என் தப்பால. சாட்சி அதுக்கு முந்தின வாக்கியத்துல மாடு மேய்க்கிறவரப் பத்திப் பேசினாங்க. அடுத்து மழை. 'கொட்டாய்க்குப் பின்னால'ன்னு மட்டும்தான் எனக்குக் கேட்டுச்சு. நான் மாட்டுக்கொட்டாய்னு அடிச்சிட்டேன். மூணு பத்துக்குத் திருத்தின சொல்லு அதுதான். என் தப்பு அந்த முதல் நகல்ல மட்டும்தான் இருக்கு. உலகத்துலயே ஒரே ஒரு பேப்பர்ல."

நித்தியா தலையாட்டினாள். "அதான் மண்ணுல வாடையே இல்ல."

"மேனேஜரும் எந்த இடம், எந்த இடம்னு மூணு பேர்கிட்ட கேட்டாரு. பீப்பாய் கிடைச்சவர் அப்படிக் கேக்கமாட்டார். தோண்டி ஏமாந்தவர்தான் கேப்பார்," என்றாள் ஷாமளா. "ரூம்ல இருந்தவங்க யாராச்சும் சேதி சொல்லியிருந்தா ஆயக்கொட்டாய்னு சரியா சொல்லியிருப்பாங்க. உறுப்பினர்களும் மவுரீனும் காதால கேட்டவங்க. என் கையில மூணு பத்துலருந்து சரியான சொல்லு இருந்துச்சு. பேக்ஹோ வந்தது அஞ்சரைக்கு. அந்த நேரம் வரைக்கும் தப்பான சொல்லையே நம்பிக்கிட்டு இருந்த ஆளு, பேச்சைக் கேக்காத ஆளு. திருத்தின நகலைப் பாக்காத ஆளு. முதல் நகலை மட்டும் படிச்ச ஆளு." அவள் தலைவரைப் பார்த்தாள். "நேத்து ரெண்டு மணிக்கு மேல உங்க ஃபைல் யார் கையில இருந்துச்சு, ஒய்பி?"

ரவீந்திரனின் முகம் மெல்ல வெளுத்தது. அவர் பின்னால் திரும்பவில்லை.

"செல்வாகிட்ட குடுத்தேன்," என்றார். "ஷா ஆலாம் ஆபீஸ்ல வச்சுப் பூட்டச் சொல்லி."

"பூட்டித்தான் வச்சேன்!" செல்வாவின் குரல் உயர்ந்தது. "நான் பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க தப்பா அடிச்சிட்டு என் தலையில கட்டாதீங்க லா, அக்கா."

"பிரிச்சுப் பாக்கலையா?"

"இல்ல."

"காலையில வேன் நின்னதும் யாரு முன்னால நடந்தது, செல்வா?"

அவன் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"மேனேஜர் அப்ப வரல. போற இடம் எதுன்னு ஒய்பி யாருக்கும் சொல்லல. அது மூடின விசாரணையில சொன்ன விஷயம். அந்தத் தோட்டத்துல இடிஞ்ச கட்டடம் ஏழெட்டு இருக்கு. நீங்க எங்கயும் தேடல, யாரையும் கேக்கல. 'இப்படி வாங்க ஒய்பி'ன்னு நேரா மாட்டுக்கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போனீங்க. காலியான குழிய நாங்க பார்த்துட்டா விசாரணை அதோட முடிஞ்சிடும்னு நினைச்சீங்க. மணி எட்டு எட்டு. என் நோட்டுல இருக்கு."

மவுரீன் எழுந்து போய்க் கதவருகே நின்றாள். செல்வா கோப்பை மேசைமேல் வைத்தான். வைத்த வேகத்தில் அது சறுக்கிக் கீழே விழுந்தது.

"ஏன்?" என்றார் ரவீந்திரன்.

"அவங்க வேலை தர்றேன்னாங்க. கோலாலம்பூர் ஆபீஸ்ல." அவன் குரல் உடைந்தது, பிறகு கோபமாக மாறியது. "ஆறு வருஷம் உங்க கூட இருந்தேன் ஒய்பி. எத்தனை குழு? எத்தனை அறிக்கை? எல்லாம் நான்தான் கட்டித் தூக்கிட்டு வந்தேன். ஒன்னாச்சும் நடந்துச்சா? அலமாரியில தூசு. இதுவும் அங்கதான் போகப் போகுது. ஒரு பேப்பரக் குடுத்தா என்ன குறைஞ்சிடும்னு நினைச்சேன்."

அவன் சொன்னதில் பாதி உண்மை என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"ஒன்னுக்கும் உதவாத பேப்பருக்காக ஒரு கம்பெனி ஏன் மூணு மணி நேரத்துல பேக்ஹோவ இறக்குச்சு, செல்வா?" என்று ஷாமளா கேட்டாள். "நீங்க நம்பல. அவங்க நம்புனாங்க. பயந்தாங்க."

செல்வா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

ரவீந்திரன் கீழே கிடந்த கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு பதிவுக் கருவியைப் போடச் சொன்னார்.

"எழுதிக்குங்க, ஷாமளா. மூடிய விசாரணையின் பிரதியை விதிக்கு மாறாக வெளியே கொடுத்தனுப்பியவர் குழுத் தலைவர். அதிகாரியின் செயலோடு தலைவரின் செயலையும் சட்டமன்ற உரிமைக் குழு விசாரிக்க வேண்டும். அது முடியும்வரை தலைவர் இந்த விசாரணையிலிருந்து விலகி நிற்கிறார். துணைத் தலைவர் பொறுப்பேற்பார்."

"என் தப்பையும் சேத்து எழுதறேன், ஒய்பி," என்றாள் ஷாமளா.

"எழுதுங்க."

பிற்பகல் மணி 3.15.

ஆற்றங்கரையில், கூரையில்லாத ஆயக்கொட்டாய்க்குப் பின்னால், நித்தியா கொண்டுவந்த ஆட்கள் தோண்டினார்கள். பெர்னாட் தன் பிக்-அப்பைவிட்டு இறங்கவேயில்லை. நாலடியில் முதல் பீப்பாய் தட்டுப்பட்டது. துருவில் ஓட்டை விழுந்து, அதிலிருந்து பச்சையாக ஏதோ கசிந்தது. வாடை மூக்கில் ஏறியதும் தோண்டியவர்கள் பின்வாங்கினார்கள். லயத்துக் கிணறு அங்கிருந்து அறுபது அடிகூட இல்லை.

மாலைக்குள் பதினேழு பீப்பாய்கள் வெளியே வந்தன. மற்றவை மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தன. நித்தியா கிணற்றைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினாள். அதைச் செய்ய அவளுக்கு எந்தக் குழுவின் அறிக்கையும் தேவைப்படவில்லை. அவளுடைய துறைச் சட்டமே போதும். ஆனால் எங்கே தோண்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, குழு கங்காவைக் கூப்பிட்டுக் கேட்கும்வரை.

ஒன்பது நாள் கழித்து ஷாமளா ஹில்பர்னுக்கு மறுபடி போனாள். தட்டச்சுத் தவறுக்காக அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

லயத்து முன்னால் தண்ணீர் லோரி நின்றது. பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். கங்கா தன் வாளியை நிரப்பிக்கொண்டு ஓரமாக வந்தாள்.

"வேலை?" என்றாள் ஷாமளா.

"இன்னும் குடுக்கல. தொழிலாளர் இலாகாவுல புகார் எழுதிக் குடுத்திருக்கேன். மவுரீன்தான் கூட வந்துச்சு." வாளியைக் கீழே வைத்தாள். "அறிக்கை எப்பக்கா வரும்?"

"அடுத்த கூட்டத்துல சட்டமன்றத்துல வைப்பாங்க. மூணு, நாலு மாசம் ஆகும்."

"வச்சா? பைப்புத் தண்ணி வந்துருமா?"

ஷாமளா பொய் சொல்ல வரவில்லை. "குழு பரிந்துரைதான் செய்யும், கங்கா. செய்யுன்னு உத்தரவு போட முடியாது. அரசாங்கம் எழுந்து நின்னு பதில் சொல்லணும். சொல்லாமலும் இழுக்கலாம். யாரும் கேக்கலைன்னா அப்படியே விட்டுடுவாங்க."

கங்கா சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். வரிசையில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சட்டமன்றத்துல எங்களமாதிரி ஆளுங்க போய் உக்காந்து பாக்க எடம் இருக்கா?"

"மேல மாடத்துல இருக்கு. யார் வேணும்னாலும் உக்காரலாம்."

"எத்தன பேரு?"

"நூறு பேருகூட உக்காரலாம்."

"அப்ப தேதி தெரிஞ்சதும் சொல்லுக்கா," என்றாள் கங்கா. "பஸ்ஸு ஒன்னு பேசணும்."